தாலி கட்டும் நேரத்தில் ஒரு முதுகு

என்னைப் பற்றி நானே புகழ்ந்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவள் லாஸ்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த என் தோழி. என்னோடு கல்லூரியில் படித்தவள். அது இரண்டாயிரத்து எட்டாக இருக்கலாம். ஊரில் இருந்த அத்தனை பேரும் ஒரு நட்புத் தளத்தில் சேர்ந்து, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரையும் நண்பனாக்கிக்கொண்டு திரிந்த காலம்.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலையை விட்டிருந்தேன். படம் எடுத்தது நான். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் கேமராவோடு சாய்ந்து நின்று சிரித்தது முதலாளி. கல்யாண மண்டபங்களில் எனக்கு இருந்த பெயர் ‘லைட்டு புடிக்கிற பொண்ணு’. லைட்டை வேறொருவன் பிடித்துக்கொண்டு நின்றாலும் அதே பெயர்தான். ஒரு நாள் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தேன். கையில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா இருந்தது. என்னுடையது என்று காட்ட ஒரு கல்யாணப் படம்கூட இல்லை. எடுத்ததெல்லாம் ஸ்டுடியோவின் சொத்து. என் பெயரில் ஒரு கல்யாணம், அதிலிருந்து ஊருக்குக் காட்ட ஒரு நல்ல படம். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

“படம் இல்லன்னா இன்னாடி? பீச்சுல சூரியன எடுத்து வச்சிருக்க இல்ல, அத போடு” என்றாள் தோழி.

போட்டேன். புதுச்சேரியில் கேமரா வாங்கிய ஒவ்வொருவனும் எடுக்கும் சூரியன் அது. கடலுக்குள் பழைய பாலத்தின் கட்டைகள், பின்னால் சூரியன், நடுவில் ஒரு காக்கை. அப்புறம் மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூ, அடியில் சாய்த்து வைத்த சைக்கிள். அந்தச் சைக்கிள் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஊரிலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட ஜீவன் அதுதான். கல்யாணம் பேச வருகிறவன் இதைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவான்? ‘இந்தப் பொண்ணு நம்ம மாப்பிள்ளையையும் சுவத்துல சாய்ச்சு வச்சிடும்’ என்றா?

தோழி அதோடு விடவில்லை. ‘என்னைப் பற்றி’ என்ற இடத்தில், ‘நினைவுகளை ஒளியால் செதுக்கும் கலைஞர்’ என்று தட்டிவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

“எவடி செதுக்குறா? நான் இன்னா அம்மிக்கல்லா கொத்துறேன்?”

“நீ சும்மா இரு. எல்லாரும் இப்டிதான் போடுறாங்க.”

எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள், உண்மைதான். அந்தத் தளத்தில் ஒருவரைப் பற்றி இன்னொருவர் பாராட்டு எழுதலாம். நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன் என்பதுதான் அங்கே சட்டம். கேக் செய்து விற்ற ஒரு பெண், என் படங்கள் உயிரோடு பேசுகின்றன என்று எழுதினாள். பதிலுக்கு நான், அவள் கேக் நாவில் கரைகிறது என்று எழுத வேண்டியதாயிற்று. அவள் கேக்கை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என் படங்களை அவளும் பார்த்திருக்க மாட்டாள். இப்படி ஊர் முழுக்க ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொண்டிருந்தோம். ஒருவருக்கும் ஒரு வேலையும் வரவில்லை.

இந்த லட்சணத்தில் என் அத்தை வந்து சேர்ந்தார். அப்பாவின் தங்கை. அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்க் கணக்கில் ‘சொல்தா’. இருவரும் பாரிஸ் பக்கத்தில் இருந்தார்கள். மகன் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்க, அத்தை என் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தமிழை ஆங்கில எழுத்தில், அதையும் பிரெஞ்சுக்காரர் கூட்டும் விதத்தில் எழுதுவார். வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். எல்லோருடைய கண்ணிலும் படும்படி என் பக்கத்தின் நட்டநடுவில் அவர் எழுதியது இது:

“ஏண்டி, நீ போட்டோ புடிக்கிற லட்சணம் எங்களுக்கு தெரியாதா? ஒங்க அத்தான் கல்யாணத்துல தாலி கட்டுறத உட்டுட்டியே! சரி, அத உடு. எங்க அண்ணன் காலு வீக்கம் கொறஞ்சுதா? ஊரான் கல்யாணத்துக்கே போயிட்டிருக்கியே, ஒன்னுது எப்ப?”

அழித்தேன். மறுபடி எழுதினார், இந்த முறை ‘ஏன் அழிச்ச?’ என்பதையும் சேர்த்து. போனில் கூப்பிட்டு, “அத்த, அது ஊரே படிக்கிற எடம்” என்று கத்தினேன்.

“படிக்கட்டுமே. நான் இன்னா பொய்யா எழுதிட்டேன்?” என்றார் அத்தை. தபால் செலவு மிச்சம் என்பது அவருக்குப் பெரிய சந்தோஷம். கடைசியில் நான் சலித்துப்போய் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் போர்மேன். ஐம்பதைத் தாண்டியவர், அகலமான ஆள், என் அறை வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மகளுக்குக் கல்யாணம். மேக்கப் அறைக்குள் ஆம்பிளை கேமரா வரக் கூடாது, பெண்தான் எடுக்க வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். தளத்தில் தேடி என் பக்கத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். அப்பாவிடம் காட்ட அதை அப்படியே கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சூரியன், சைக்கிள், செதுக்கும் கலைஞர், அத்தை, எல்லாம் அவர் கையில் இருந்தன.

அவர் சூரியனைப் பார்க்கவில்லை. நேராக அத்தைக்கு வந்தார்.

“இது யாரும்மா?”

“எங்க அத்த சார்.”

“தாலி கட்டுறத உட்டுட்டியாமே?”

பொய் சொல்லியிருக்கலாம். கோபத்தில் எனக்குப் பொய் வராது.

“உட்டேன் சார். ஏன் உட்டேன் தெரியுமா? இத எழுதியிருக்காங்களே, இதே அத்ததான் என் முன்னாடி வந்து நின்னாங்க. பாரிஸ்லேந்து வாங்கியாந்த ஜரிக பொடவ. என் கேமராவுல அதான் இருக்கு. அத்தானும் இல்ல, தாலியும் இல்ல. கெட்டிமேளம்னு சொன்ன ஒடனே அத்தன சனமும் அட்சதைய புடிச்சிக்கிட்டு மேடைல ஏறிடுது. ஒங்க வீட்டு கல்யாணத்துலயும் ஏறும். எறக்கி வுடுறதுக்கு ஆளு இருந்தா சொல்லுங்க, வரேன். இல்லன்னா வேற ஆள பாத்துக்குங்க.”

பிரிண்டை நான்காக மடித்தார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

“எங்க சனமெல்லாம் வில்லியனூர் பக்கம். வேன்ல வரும். சொன்னா கேக்காது” என்றார். அப்புறம், “நான் பாத்துக்குறேன். ஒரு பய ஏற மாட்டான்.”

“இன்னொண்ணு சார். தாலி கட்டுற படத்த என் பேரு போட்டு நான் நெட்டுல போடுவேன்.”

“போட்டுக்கம்மா, இன்னா இப்ப? எம் பொண்ண நாலு பேரு பாத்துட்டு போறான்.”

கல்யாணத்தன்று காலையில் வேன்கள் வந்தன. மணப்பெண் நல்ல பெண். மேக்கப் அறையில் பூ குத்தும்போது வலித்தால் வாய்விட்டுத் திட்டினாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் மேடைக்கு வந்ததும் எல்லாப் பெண்களையும் போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கேமராவில் வகிடும் நெற்றிச்சுட்டியும்தான் தெரிந்தன.

அவள் அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் வினையே. முகூர்த்தம் நெருங்க நெருங்க மேடையின் ஓரப் படிக்கட்டில் நின்று ஏறியவர்களை எல்லாம் இறக்கிக்கொண்டிருந்தார். “சித்தப்பா, எறங்கு. அத்தாச்சி, அங்கேந்தே போடு. டேய், ஒனக்கு இன்னாடா இங்க வேல?” மாப்பிள்ளையின் தாய்மாமனையே சட்டையைப் பிடித்து இறக்கினார். அந்த ஆள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ஐயர் கெட்டிமேளம் என்று கையை உயர்த்தினார். தவில் இடித்தது. கீழே இருந்த கூட்டம் முழுவதும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்தது. அவர் பதறிப்போய் இரண்டு கைகளையும் அகல விரித்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, மேடைக்கு நடுவில் வந்து நின்றார். மேடையின் மறு ஓரத்தில் கேமராவோடு நின்ற எனக்கும் மணமக்களுக்கும் இடையில். என் கேமராவில் தெரிந்தது வியர்வையில் நனைந்த பட்டுச் சட்டை, இரண்டு பக்கமும் விரிந்த கைகள், அதற்குமேல் அட்சதை மழை. விரல் அனிச்சையாக அழுத்தியது. அது ஒரு படம்.

அடுத்த நொடியில் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“யோவ்! குந்துய்யா!”

மண்டபமே கேட்டது. எனக்கு வேலை கொடுத்த மனிதரை, அவர் மகள் தாலி கட்டிக்கொள்ளும் நேரத்தில், அவர் சொந்தபந்தம் முன்னால் அப்படிக் கூப்பிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரித்த கையோடு அப்படியே பொத்தென்று தரையில் குந்தினார். மகள் தலையைத் தூக்கினாள். அப்பாவைப் பார்த்தாள். சிரித்தாள். அடக்கிச் சிரிப்பதெல்லாம் இல்லை. கண் இடுங்க, பல் தெரிய. மாப்பிள்ளையின் கை அவள் கழுத்தில், தாலிக்கயிறு முடிச்சுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அழுத்தினேன்.

கிடைத்துவிட்டது என்று எடுக்கும்போதே தெரிந்தது. ஸ்டுடியோவில் இருந்த காலத்தில் எத்தனையோ தாலி எடுத்திருக்கிறேன். ஒன்றில்கூடப் பெண்ணுக்கு முகம் இருந்ததில்லை.

ஆல்பத்தைக் கொடுத்த பிறகு போர்மேன் மறுபடி என் அறைக்கு வந்தார். இந்த முறை வாசலிலேயே நின்றார்.

“அந்த போட்டோவ நெட்டுல போட வேணாம்மா.”

“ஏன்?”

“சம்பந்தியம்மா ஒரே சத்தம். தாலி ஏறுறப்ப பல்ல காட்டி சிரிக்குது, இத ஊரு வேற பாக்கணுமான்னு. பொண்ணு படத்த எடுத்து எவனாவது இன்னாவாவது பண்ணிடுவான்னு வேற சொல்றாங்க. அது வாழப் போற வூடு. நான் இன்னாம்மா பண்றது?”

சொன்ன சொல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். நீங்கள் உங்கள் சம்பந்தியம்மாளுக்குப் பயப்படுவதற்கு நான் ஏன் சைக்கிளையும் சூரியனையும் காட்டிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று கேட்டேன். இன்னும் சில கேட்டேன், அவற்றை எழுத முடியாது. நின்று கேட்டுக்கொண்டார். அவர் திருப்பித் திட்டியிருந்தால் அந்தப் படத்தை அன்றைக்கே போட்டிருப்பேன். அவர் திட்டவில்லை. அங்கே போய் வாழப்போவது அவளே தவிர நான் இல்லை. போட மாட்டேன் என்றேன்.

“வேற எதுனா போட்டுக்கயேன்” என்றார்.

“தாலி நேரத்துல எடுத்த வேற எதுலயும் யாரு மூஞ்சியும் இல்ல. ஒங்க முதுகு ஒண்ணுதான் இருக்கு.”

“என் முதுகா? அதுக்கு எவன் கேக்கப் போறான்? போட்டுக்க.”

கோபத்தில்தான் போட்டேன். செதுக்கும் கலைஞரைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ‘கல்யாணம் எடுப்பேன். மறைத்தால் கத்துவேன்’ என்று எழுதினேன். முதுகுப் படத்துக்குக் கீழே, ‘பெண்ணின் அப்பா. யாரும் மறைக்காமல் பார்த்துக்கொள்கிறார்’ என்று போட்டேன். தோழி தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் படத்தோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லாததால் அதைச் சீர் செய்யக்கூட இல்லை. ஓரத்தில் ஒரு கிழவரின் பாதி மூக்கு அப்படியே இருந்தது.

இரண்டு நாளில் அதன் கீழே ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை யாரும் உயிரோடு பேசுகிறது என்று எழுதவில்லை. எங்க மாமா இதேதான், எங்க பெரியப்பா இதுக்கும் மேல, எங்க கல்யாண சிடியில் தாலிக்குப் பதில் ஒரு வேட்டிதான் இருக்கிறது என்று திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் எழுதினார்கள்.

போர்மேனுக்குச் சேதி போய்விட்டது. கம்பெனி விட்டு நேராக, கையில் கிரீஸோடு, தோழியின் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். திரையில் தன் முதுகைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எவ்ளோ பேரும்மா பாத்துருக்காங்க?”

“தெரியல சார்.”

“கீழ எறக்கு, எறக்கு. எல்லாத்தயும் படி.” படித்தேன். தொடையில் தட்டிச் சிரித்தார். “இதுக்கு பதில் போடு. நான்தான் அதுன்னு போடு.” இனி மனுஷன் எழுந்து வீட்டுக்குப் போக மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புகழ் வந்தால் யாருமே அப்படித்தான்.

பாகூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்ததை அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார்: “எங்க வூட்டுக்காரரு முதுகு இதவிட பெருசு. தை மாசம் பொண்ணுக்கு கல்யாணம். வந்து கத்துவீங்களா?”

“ஒனக்கு வேல வந்துருக்கும்மா!” என்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வருவேன் என்று பதில் தட்டினேன். என் பெயர் போட்ட கல்யாணப் படத்தைப் பார்த்து எனக்கு வந்த முதல் வேலைதான். ஆனால் எடுத்ததிலேயே நல்ல படம் அங்கே இல்லை.

அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்.

“அந்த சிரிக்கிற போட்டோ?”

“இருக்கு சார். போடல.”

“போடாத.” நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துக்கொண்டார். “இப்ப பாக்கலாமா?”

பென் டிரைவைச் செருகித் திறந்தேன். நெட் இணைப்பைப் பிடுங்கி வைக்கச் சொன்னார். தானாக ஏறிவிடும் என்று பயம். பிடுங்கினேன். கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மகள் சிரிப்பதைத் திரைக்கு வெகு அருகில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், மறைக்கிறீங்க” என்றேன்.