எழுதாமல் விட்ட சோபா

ஜூலை முதல் தேதி நாட்டுக்குப் பிறந்தநாளாம். எங்கள் மொண்ட்ரியாலில் அதைக் கொண்டாட யாருக்கும் கை ஒழிவதில்லை. அன்றுதான் ஊரே வீடு மாறுகிறது. முக்கால்வாசி வாடகை ஒப்பந்தங்கள் அன்றோடு முடியும். புது வீட்டு வாசலில் நுழையாதது, புது மனைவிக்குப் பிடிக்காதது, தூக்க ஆள் கிடைக்காதது எல்லாம் நடைபாதைக்கு வந்துவிடும். வந்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் சாப்பாட்டு மேசையும் அப்படி வந்ததுதான். இதில் ஒரே ஒரு தர்மம் உண்டு. மூட்டைப்பூச்சி பிடித்த மெத்தையோ சோபாவோ என்றால் கத்தியால் கிழித்து, மேலே தடித்த பேனாவால் ‘மூட்டைப்பூச்சி’ என்று எழுதிவிட வேண்டும். எங்கள் தெருக் குடிகாரர்கள்கூட அதை மீறமாட்டார்கள்.

கிஸ்லேன் மீறினாள்.

கீழ் வீட்டுக்காரி. வாட்டசாட்டமான உடம்பு, தெருமுனை வரை கேட்கும் குரல். முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டினாள். புருஷன் சரியில்லை என்று தெரிந்த அன்றே அவன் சாமான்களை ஜன்னல் வழியாக எறிந்து கணக்கை முடித்தவள். பிறகு படுக்கையில் விழுந்த தன் அம்மாவைப் பார்த்துப் பார்த்துப் பழகி, அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டுவாள், நகம் வெட்டுவாள், சூப் வைத்துக் கொடுப்பாள், கூடவே நன்றாகத் திட்டுவாள். அந்தத் திட்டுக்காகவே காத்திருக்கும் கிழவிகள் எங்கள் தெருவில் உண்டு. இந்தத் தொழிலில் திருடி என்ற பெயரைக்கூட எப்படியாவது துடைத்துக்கொள்ளலாம். மூட்டைப்பூச்சிக்காரி என்று பெயர் வந்தால் ஒரு வீட்டுக் கதவும் திறக்காது.

அவள் வீட்டில் பூச்சி வந்துவிட்டது. மருந்தடிக்க வந்தவன், சோபாவைக் காப்பாற்ற முடியாது, வெளியே போடு என்று சொல்லிவிட்டான். ஒன்றாம் தேதி காலையில் தெரு விழிப்பதற்குள் அதைச் சக்கரப் பலகையில் ஏற்றி, பின் சந்து வழியாகத் தன்னந்தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள். நான் பார்த்துவிட்டு இறங்கி ஓடினேன்.

“தொடாத. உனக்கும் ஒட்டிக்கும்,” என்றாள்.

மூலையில், யாரோ காலி செய்துவிட்டுப் போன குவியலோடு அதைச் சேர்த்து வைத்தாள். கிழிக்கவில்லை.

“எழுதலையா?” என்றேன்.

“எழுதினா, யார் வீட்டுதுன்னு தெருவே துப்பறியும். எழுதலைன்னா அது வெறும் பழைய சோபா.”

“யாராவது தூக்கிட்டுப் போனா?”

“உள்ள இரும்புக் கட்டில் மடிச்சு வெச்சிருக்கு. இந்தக் கனத்த எவன் தூக்குவான்? சாயங்காலம் குப்பை லாரி வந்துரும். நீ வாய மூடிக்கிட்டு இரு, அது போதும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் பிழைப்பும் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் பால்கனியில் இருவரும் பீர் குடித்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு இரண்டாம் மாடிக்கு ஒரு சின்ன ஜோடி குடிவந்துகொண்டிருந்தது. அவன் சாமுவேல், அவள் கொராலி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. மூட்டைகளைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை. வாடகை லாரி மறுபடி மூலைக்குப் போய்த் திரும்பியது. பின்னால் கிஸ்லேனுடைய சோபா. அதன்மேல் குழந்தையை உட்கார வைத்திருந்தார்கள். அது சோபாவின் கைப்பிடியைச் சப்பிக்கொண்டிருந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தாள் கிஸ்லேன்.

“போய்ச் சொல்லு,” என்றேன்.

“கோத்தே அம்மா வாசல்லயே உட்கார்ந்திருக்காங்க. எப்படிச் சொல்ல?”

கோத்தே அம்மா அவள் வாராவாரம் குளிப்பாட்டும் கிழவி. அன்றைக்குத் தெருவில் எல்லாரும் வெளியேதான் இருந்தார்கள். கனமான சாமானைக் கண்டால் கை கொடுப்பது எங்கள் வழக்கம். எங்கள் தெரு ரேஜான் வந்துவிட்டார். அவருடைய தாயார் லபேர்ஜ் அம்மாவையும் கிஸ்லேன்தான் பார்த்துக்கொள்கிறாள். இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். சோபா வெளிப்படியில் ஏறத் தொடங்கியது.

எங்கள் தெருப் படிகள் இரும்பாலானவை, வீட்டுக்கு வெளியே வளைந்து வளைந்து ஏறுபவை. வளைவில் சோபா நின்றுவிட்டது.

“இடப்பக்கம் சாய்ச்சுப் பிடிங்கடா,” என்றார் கோத்தே அம்மா.

“போன வருஷம் இதே படியில பியானோவே ஏத்தினோம்,” என்றார் ரேஜான், மூச்சு வாங்க.

“அது இப்ப எங்க?” என்றார் கோத்தே அம்மா.

“கீழதான். ஆனா ஏறிச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் உள்ளே மடிந்திருந்த கட்டில் சரிந்து வெளியே வந்து கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. மேலே போகவில்லை, கீழே வரவில்லை. அடியில் நின்ற சாமுவேலின் முகம் சிவந்தது. மேல்படியில் குழந்தையோடு நின்ற கொராலி, “விட்டுறாதீங்க, விட்டுறாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கிஸ்லேன் எழுந்து உள்ளே போனாள். ரொட்டி வெட்டும் கத்தியோடு வந்தாள். என்னைப் பார்க்காமல் தெருவைக் கடந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறினாள். சோபாவின் முதுகில் கத்தியை இறக்கி ஒரே இழுப்பாக இழுத்தாள். பஞ்சு பிதுங்கியது.

“இது என்னோடது. மூட்டைப்பூச்சி இருக்கு. எழுதாம விட்டது நான்தான்,” என்றாள். அந்தக் குரலுக்குத்தான் தெருமுனை வரை கேட்குமே.

தூக்கியவர்கள் நெருப்பைத் தொட்டவர்கள் போலக் கையை எடுத்தார்கள். ரேஜான்கூட. சோபா ஒரு படி இறங்கி சாமுவேலின் நெஞ்சில் உட்கார்ந்தது. கம்பிக்கும் சோபாவுக்கும் நடுவில் அவன் சிக்கிக்கொண்டான். கத்தக்கூட மூச்சு வரவில்லை.

அவனை விடுவிக்கவே இல்லை, அதற்குள் கோத்தே அம்மாவின் தீர்ப்பு வந்துவிட்டது. “கிஸ்லேன், வெள்ளிக்கிழமை நீ வர வேணாம்.”

கிஸ்லேன் கத்தியைப் போட்டுவிட்டுத் தோளை அடியில் கொடுத்தாள். “மூச்ச இழு தம்பி. எனக்குத்தான் ஏற்கெனவே இருக்கே, புதுசா என்ன ஒட்டப்போகுது.” கழுத்து நரம்பு புடைத்தது. கனம் அசையவில்லை. “யாராவது ஒரு கை கொடுங்களேன்.”

ஒருவரும் நகரவில்லை. நானும் முதல் படியில் கால் வைத்துவிட்டு நின்றேன். பூச்சி பயம் அப்படி. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ரேஜான்தான் மறுபடி ஏறினார்.

“நீ தொடாத ரேஜான்,” என்றாள் கிஸ்லேன். “வீட்டுல வயசான அம்மா இருக்காங்க.”

அவர் குனிந்து சோபாவின் அடியைப் பிடித்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. “எங்களுக்கும் இருக்கு. பனிக்காலத்துலேருந்தே.”

அந்த வீட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் கிஸ்லேன் லபேர்ஜ் அம்மாவுக்கு சூப் ஊட்டுகிறாள். தன் வீட்டுக்குப் பூச்சி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. முகம் வெளுத்தது. சோபாவை விட்டுவிட்டு அவர் சட்டையைப் பிடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். பிடித்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவள் விடவில்லை. இருவருமாகக் கட்டிலை உள்ளே தள்ளி, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். சாமுவேல் நடைபாதையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

கொராலி இறங்கி வந்தாள். “குழந்தை அதச் சப்பிக்கிட்டிருந்துச்சு,” என்றாள்.

“தெரியும். பாத்துக்கிட்டுதான் இருந்தேன்,” என்றாள் கிஸ்லேன்.

நான் மூலைக்கடைக்குப் போய் ஒரு தடித்த பேனா வாங்கி வந்தேன். கிஸ்லேன் அதை வாங்கி, கிழிந்த சோபாவின்மேல் பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள். எழுதி முடித்து, மூடாமலே பேனாவை ரேஜானிடம் நீட்டினாள்.

“உங்கம்மா மெத்தையக் கீழ எறக்கு. நான் கிழிக்கிறேன். நீ எழுது.”

அவர் பேனாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.