வலது கைப் பழக்கம்

அவளை ஓரிடத்தில் உட்கார வைத்தால் கண் கலங்கிவிடும் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முதலாளி அம்மா அவளுக்கு வெளிவேலை கொடுத்திருந்தார். பல்செட் செய்யும் பட்டறை அது. பல் டாக்டர்கள் எடுத்துவைக்கும் அச்சுகளை வாங்கி வருவதும், முடிந்த பல்செட்டுகளைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் பொறுப்பு. தெருவே அவளைப் ‘பல்லக்கா’ என்றுதான் கூப்பிட்டது.

கணவர் திடீரென்று மாரடைப்பில் போன பிறகு, நாலு சுவருக்குள் இருந்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. அவர் சட்டை மாட்டும் ஆணி சுவரில் இருந்தது, சட்டை இல்லை. அந்த ஆணியைப் பார்க்காமல் இருக்க அவள் சமையலறைக்குப் போவாள். அங்கே அவர் குடித்த டம்ளர் இருக்கும். மறுபடி வாசலுக்கு வருவாள். பெடலில் கால் வைத்தால்தான் நெஞ்சு கொஞ்சம் அடங்கும். அதுவும் அவருடைய பழைய சைக்கிள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்தான் பின்னால் ஓடி வந்து அவளுக்குக் கற்றுக் கொடுத்தார். வேறு எந்தச் சைக்கிளிலும் அவள் ஏறியதே இல்லை.

அந்தச் சைக்கிளின் நடுத்தண்டு ஒருநாள் முறிந்தது. வெல்டிங் கடைக்காரர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மறுவாரம் தம்பி ஒரு மவுன்டன் பைக்கைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

“அக்கா, இதுல பாறை மேலயே ஏறலாம்.”

“நான் ஏறப் போறது பல் டாக்டர் வீட்டு மாடிடா!”

“நீ ஏறித்தான் பாரேன். அப்புறம் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவ.”

ஏறினாள். கைப்பிடி மாட்டுக் கொம்பு போல அகன்று கிடந்தது. முதுகு வளைந்து, முகம் தார்ச்சாலையை முகர்ந்து பார்ப்பது போல முன்னால் போனது. மேட்டில் கியரை மாற்றினால் கால்கள் வெறுமனே சுழன்றன. சைக்கிள் நகர மறுத்தது. தடித்த டயர்கள் சாலையில் முனகிக்கொண்டே வந்தன.

அதெல்லாம் பழகிவிடும் போலிருந்தது. பிரேக்தான் பழகவில்லை. பேக்கரி முனையில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. அவள் பிரேக்கைப் பிடித்தாள். முன்சக்கரம் ஆணி அடித்தது போல் நின்றது. அவள் மட்டும் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலே பறந்து போய் விழுந்தாள். அந்த வாரமே கிளினிக் இறக்கத்திலும் அதே கதை. இந்த முறை பெட்டியும் பறந்தது. யாரோ ஒருவர் கடித்துச் சாப்பிடக் காத்திருந்த பல்செட் இரண்டாகப் பிளந்து சாக்கடை ஓரம் இளித்துக்கொண்டு கிடந்தது.

முதலாளி அம்மா அவள் முழங்காலில் மருந்து தடவிக்கொண்டே சொன்னார்: “இன்னொரு தடவை விழுந்தா உள்ள வந்துடு. அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்குற மேஜையில இடம் இருக்கு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ஜன்னல் இல்லாத அறை அது. மேஜைக்கு நேர் எதிரே சுவர். அந்தச் சுவரில் ஆணிகூட இருந்தது.

மறுநாள் காலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாள். அவள் கணவரின் சைக்கிளை ஆரம்பத்திலிருந்தே பார்த்தவர் அவர்.

“அண்ணே, இது பிரேக்கே இல்ல, எமன். என்னைத் தூக்கித் தூக்கி எறியுது.”

அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். “பூ மாதிரி நிக்குது தங்கச்சி. நீ ஓட்டிட்டு வந்து எனக்கு முன்னால நிறுத்து பாப்போம். மெதுவா! நான் பிள்ளைகுட்டிக்காரன்.”

ஓட்டி வந்து நிறுத்தினாள். பின்சக்கரம் குதிரை போல எழும்பி விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. அவள் கைகளையே பார்த்தார்.

“வலது கையால மட்டும் இறுக்கிப் பிடிக்கிற. இது முன்சக்கரத்துப் பிரேக்கும்மா. பின்சக்கரத்துக்கு இடது.”

“அவர் சைக்கிள்ல வலதுதானே பின்னாடி?”

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான்தான் மாத்திப் போட்டேன். உன் வீட்டுக்காரர் கேட்டாரு. பிரஸ்ல அச்சு மெஷின்ல இடது கை மாட்டிச்சே, நீ சைக்கிள் கத்துக்கறதுக்கு முன்னாடி, அதுக்கப்புறம்.”

“அது ஆறிடுச்சே அண்ணே! சரியாப் போச்சுன்னு சொன்னாரே!”

“புண்ணு ஆறிடுச்சு. பிடிதான் வரவே இல்ல. இடது கையால ஒரு பிரேக்கைக்கூட இழுக்க முடியாது. ‘அவகிட்ட சொல்லிடாதீங்க, பரிதாபமாப் பார்த்தான்னா தாங்க மாட்டேன்’னாரு.”

அவள் தலையில் இடி இறங்கியது. ஜாடி மூடியைத் திறக்க முடியாமல் அவளிடம் நீட்டி, “நீதானே வீட்டுப் பயில்வான்” என்று சிரித்த முகம்! தெருவில் நடக்கும்போது அவளை எப்போதும் வலப்பக்கமாகவே இழுத்துக்கொண்ட அந்தக் கை! பாசம் என்று நினைத்தாளே! பாசம்தான். ஆனால் அதற்குப் பின்னால் இத்தனை வலியா? அவர் ஊனத்தைத் தன் பழக்கமாகவே சுமந்துகொண்டு இத்தனை வருடம் தெருத் தெருவாகச் சுற்றியிருக்கிறாள், அது ஊனம் என்றே தெரியாமல்.

“அழாத தங்கச்சி. கேபிளை மாத்திப் போட்டுடறேன். உன் கைக்குப் பழகினபடியே ஓடும்.” அவர் ஸ்பேனரை எடுத்தார்.

அவள் தன் இடது கையை விரித்துப் பார்த்தாள். மூடினாள். மறுபடி விரித்தாள்.

“வேண்டாம்ணே. அவருக்குத்தான் முடியல. எனக்கு இந்தக் கை நல்லாத்தானே இருக்கு.”

அன்று மதியமே அதே கிளினிக் இறக்கம். பெட்டியில் புதிதாகச் செய்த அதே பல்செட். பாதியில் ஒரு வேன் பின்னால் நகர்ந்து சாலையை அடைத்தது. வலது கை தானாகத் துடித்து எழுந்தது. “நீ சும்மா இரு!” என்று அதை அதட்டினாள். இடது கையை இறுக்கினாள். பின்சக்கரம் வழுக்கி, சாலையில் கறுப்பாக ஒரு கோடு கிழித்து, வேனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பெட்டியைத் திறந்தாள். பற்கள் முழுசாகச் சிரித்தன.

பட்டறைக்குத் திரும்பியதும் முதலாளி அம்மா முதலில் அவள் முழங்காலைத்தான் பார்த்தார்.

“விழுந்தியா?”

“இல்லம்மா.”

“உட்காரு, தண்ணி குடி.”

அவள் நின்றபடியே குடித்தாள். டம்ளரை இடது கையில்தான் பிடித்திருந்தாள்.

“அடுத்த பெட்டி எங்கம்மா?”