அடியில் டொக்கென்று ஒரு சத்தம்

கறை அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் அவர் வேலை செய்யும் இடத்தில் ஒருவரும் கிடையாது. அந்தப் பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகத் தண்ணீரிலேயே கை ஊறிக் கிடப்பவரே அவர்தானே. மேஜை விரிப்பில் காபி, தலையணை உறையில் மை, வெள்ளைச் சட்டையில் உதட்டுச் சாயம், எதுவானாலும் அவரிடம்தான் வரும். ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது போகும், இது போகாது, வீணாகத் தேய்த்துத் துணியைக் கொல்லாதே என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, அதுவே நிலைத்துவிட்டது. கை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நனையலாம், முகம் மட்டும் கூடாது. தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போதுகூட மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தண்டனை அனுபவிக்கிற மாதிரிதான் நிற்பார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்தவர் ஒரு கடல் பைத்தியம். அதே விடுதியில் லிஃப்ட் மெக்கானிக். துணி வண்டியோடு இரண்டு மாடிக்கு நடுவில் கறை அக்கா மாட்டிக்கொண்ட ஒரு நாள், கதவிடுக்கு வழியாக, "பயப்படாதீங்க, மேல என்ன சத்தம் கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்ட குரலைத்தான் அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார். அந்த மனுஷருக்குச் சத்தம்தான் எல்லாம். எந்தச் சத்தமும் சும்மா வராது என்பார். மின்விசிறி லேசாக முனகினாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டூல் தேடப் போய்விடுவார்.

மகளுக்குப் பத்து வயதானபோது அவர் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிவந்தார். அன்றிலிருந்து, காற்று ஒத்துழைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் பவளப்பாறைப் பக்கம் போய்வருவார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். பாறைகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால், மணல் தரைக்கு மேலே ஒரு மிதவை இருக்கும். அதில் படகைக் கட்டிவிட்டு அப்பாவும் மகளும் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொப்பென்று குதித்துவிடுவார்கள். ஆமை தேடித்தான் அத்தனை பாடும். படகை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று கறை அக்கா அப்படியே உட்கார்ந்திருப்பார். கட்டிப்போட்ட படகு எங்கே ஓடிவிடப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது நல்ல மனசு என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் இருவரும் தூரத்தில் இரண்டு பொட்டாகத் தெரியும்போது, தன்னை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி மனசுக்குள் ஒரு குறை இருக்கத்தான் செய்தது.

பார்த்த ஆமைகளையெல்லாம் கணவர் ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தார். லிஃப்ட் பழுதுக்கு அச்சடித்த பதிவேடு. தேதி, புகார், காரணம், நடவடிக்கை என்று கட்டம் போட்டிருக்கும். அதனால் 'புகார்: பெரிய ஆமை ஒன்று. காரணம்: பாசி தின்ன வந்தது. நடவடிக்கை: பார்த்தோம்' என்ற ரீதியில்தான் அந்தக் குடும்பத்தின் கடல் சரித்திரம் முழுக்க இருக்கிறது. இன்னொரு சட்டமும் இருந்தது. அன்றைக்கு ஆமையைப் பார்க்காதவர்தான் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவ வேண்டும். பதினோரு வருஷமாக யார் கழுவினார்கள் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

இந்தச் சத்தம் தொடங்கியது முதல் வருஷத்திலேயே. அவர்கள் நீந்திப் போய்க் கொஞ்ச நேரமானதும் படகின் அடியில் டொக், டொக் என்று கேட்கும். பிறகு கரகரவென்று ஒரு உராய்வு. அவர்கள் திரும்பிவந்து தண்ணீரைக் கலக்கி ஏறியதும் நின்றுவிடும். கறை அக்கா கணவரிடம் சொன்னார். லிஃப்ட் மெக்கானிக் அதைச் சும்மா விடுவாரா? பதிவேட்டில் 'புகார்: அடியில் சத்தம்' என்று எழுதிக்கொண்டு, படகைக் கரையேற்றிக் கவிழ்த்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டையை இறுக்கினார். அடுத்த முறையும் சத்தம். ஆணிகளை மாற்றினார். மறுபடியும் சத்தம். ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து. எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த மகள், படகை ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்கப்பா, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துடலாம் என்று கேலி செய்தாள்.

பதினோராவது வருஷம் தச்சரை அழைத்துவந்தார்கள். கட்டை நன்றாகத்தான் இருக்கிறது, சத்தம் எங்கிருந்து வருகிறதென்று எனக்கும் பிடிபடவில்லை என்று அவரும் கையை விரித்துவிட்டார். கணவர் இரண்டு நாள் பதிவேட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், காரணம் தெரியாத சத்தத்தோடு ஒரு லிஃப்டைக்கூட ஓட்டமாட்டேன், பெண்டாட்டி பிள்ளையைக் கடலுக்கா கூட்டிப்போவேன் என்றார். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. அதற்குப் பிறகு படகைப் பிரித்துவிடுவதாக முடிவாயிற்று.

கறை அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சத்தம் அவர் காதுக்கு மட்டும்தான் கேட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் படகு பிழைத்திருக்கும். அந்த மனுஷரின் ஒரே சந்தோஷத்துக்கு என் வாயாலேயே உலை வைத்துவிட்டேனே என்று நொந்துபோனார். கூடவே இன்னொன்றும் உறைத்தது. இத்தனை வருஷம் போய்வந்தும் தண்ணீருக்குள் ஒரு ஆமையைத் தான் பார்த்ததே இல்லை. இனிப் பார்க்கவும் முடியாது.

மறுநாள் மதிய இடைவேளையில், மகளின் பழைய நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணி அலசும் தொட்டிக்குள் முகத்தை வைத்தார். ஒன்று எண்ணுவதற்குள் அலறிக்கொண்டு நிமிர்ந்தார். அடுத்த நாள் மூன்று வரை எண்ணினார். இஸ்திரி போடும் பெண் பார்த்துவிட்டு, அக்கா தொட்டிக்குள்ளே என்ன தேடுறீங்க என்றாள். கம்மல் விழுந்துவிட்டது என்றார். நான்கு நாள் தொடர்ந்து கம்மல் விழுந்தது. சனிக்கிழமை இருபது வரை எண்ணினார். முடித்து நிமிர்ந்தபோது மனசு துள்ளியது.

ஞாயிறு வந்தது. அப்பாவும் மகளும் நீந்திப் போனார்கள். கறை அக்கா காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில், சொல்லிவைத்தாற்போல, டொக்.

அவர் சத்தமில்லாமல் கண்ணாடியை மாட்டினார். ஏணியில் ஒரு படி, இரண்டாம் படி, இடுப்பளவு தண்ணீர். இரண்டு கையாலும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார்.

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஆமை. மேஜை அகலத்துக்கு ஒரு ஓடு, பின்பக்கம் ஓரத்தில் சின்னதாக ஒரு உடைசல். அது படகின் அடிக்கட்டையில் முதுகைக் கொடுத்து நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. டொக் என்று இடிப்பதும், கரகரவென்று உரசுவதும், கண்ணை மூடிக்கொள்வதுமாக, அதன் சுகத்தைப் பார்த்தால் யாருக்கும் எழுப்ப மனசு வராது. கறை அக்கா எண்ணவே மறந்துபோனார். மூச்சு முட்டிய பிறகுதான் தலையை வெளியே எடுத்தார். எடுத்ததும் மறுபடியும் உள்ளே விட்டார்.

திரும்பி நீந்தி வந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அம்மா தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறாள். மகள் பதறிப்போய் வேகமாக வந்தாள். கறை அக்கா ஒரு கையை எடுத்து, கலக்காமல் மெதுவாக வா என்று சைகை காட்டினார். மூன்று பேரும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அது அரிப்புத் தீர்ந்து தன்பாட்டுக்குப் போகும்வரை பார்த்தார்கள்.

படகில் ஏறியதும் கணவர் துண்டைக்கூட எடுக்காமல் பதிவேட்டைத் திறந்தார். முதல் பக்கத்திலிருந்து, 'புகார்: அடியில் சத்தம். காரணம்: தெரியவில்லை' என்று இருந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தேடி, 'தெரியவில்லை' என்பதை அடித்து 'ஆமை' என்று எழுதினார். ஈரக்கை பட்டு மை கரைந்தது. நாற்பத்து மூன்று இடம். கடைசி வரியில், 'நடவடிக்கை: படகைப் பிரிக்கத் தேவையில்லை' என்று எழுதிவிட்டு, பதிவேட்டை மனைவியின் மடியில் வைத்தார்.

"நாங்க ஊரெல்லாம் சுத்தி அதைத் தேடிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். "அது உன் காலடியிலதான் இருந்திருக்கு."

கறை அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினார். மகளுக்குப் பன்னிரண்டு வயதிருந்த ஒரு ஞாயிறு. கணவரோடு கோபித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்த ஒரு ஞாயிறு. இருவரும் வெகுநேரம் திரும்பாமல், தான் தனியாக உட்கார்ந்து அழுத ஒரு ஞாயிறு. அங்கேயும் 'ஆமை' என்று இருந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இத்தனை வருஷமும் நான் தனியா உக்காந்திருந்ததாதான் நெனச்சேங்க" என்றார்.

அன்றைக்கு மூன்று பேருமே ஆமையைப் பார்த்திருந்தார்கள். ஆனாலும் சாப்பிட்டு முடித்ததும் கணவரே தட்டுகளை எடுத்துக்கொண்டு படகின் ஓரத்துக்குப் போய்க் கழுவ உட்கார்ந்தார். மகளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.