மோட்டாரை எரித்தது அவள் பெட்டி அல்ல

பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். காளீஸ்வரி செய்த பெட்டியால்தான் ராசுவின் மோட்டார் எரிந்தது என்று ஊர் ஊராக நம்பவைத்த அந்த வீடியோவை எடுத்தவன் நான்தான்!

உங்கள் செல்பேசிக்கும் அது வந்திருக்கலாம். ஒரு நொடிகூட யோசிக்காமல் நீங்களும் அதை நாலு பேருக்கு அனுப்பியிருக்கலாம். உங்கள் மீதும் எனக்குக் கோபம்தான்... ஆனால் உங்களுக்கு உண்மை தெரியாது. எனக்குத் தெரியும்.

என்ன பெட்டி என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்தபடியே செல்பேசியில் அழைத்துக் கிணற்று மோட்டாரை ஓடவிடும் பெட்டி. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் வயலுக்கும் வீட்டுக்கும் அலைகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். எலெக்ட்ரானிக்ஸ் படித்த காளீஸ்வரி, திருப்பரங்குன்றத்தில் சிறிய கடை ஒன்றை வைத்து அதைச் செய்தாள். நான் கிராமம் கிராமமாகப் போய் விற்றேன்.

அவள் பெட்டியில் எந்த நிறுவனத்தின் சிம்மும் வேலை செய்யும். சாதாரண பட்டன் போன் போதும். மூடியின் உட்பக்கம் வயரிங் படம் முழுவதையும் தமிழில் அச்சிட்டு ஒட்டியிருப்பாள். போதாதென்று இணையத்திலும் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவைத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏம்மா, தொழில் ரகசியத்த இப்பிடித் தொறந்து போட்டா, நாளைக்கு எவனாச்சும் இதையே செஞ்சு விக்க மாட்டானா?"

"விக்கட்டுமேண்ணே. ரிப்பேராச்சுன்னா அலங்காநல்லூர்க்காரரு இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வரணுமா? அங்கன இருக்குற எலெக்ட்ரீசியனே பாத்துக்கிறட்டும்."

பிழைக்கத் தெரியாதவள் என்று மனத்துக்குள் சிரித்தேன். பிழைக்கத் தெரிந்தவன் நானல்லவா! பெரிய நிறுவனம் ஒன்று ஆள் தேடியதும் அவளை விட்டுவிட்டு ஓடினேன். வீட்டில் பஞ்சம் இல்லை. பட்டினி இல்லை. வறுமையின் மேல் பழிபோட எனக்கு வழியே இல்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும், 'சார்' என்ற அழைப்பும் வேண்டியிருந்தன... அவ்வளவுதான்.

அந்த நிறுவனத்தின் பெட்டி முழுக்க மூடியது. உள்ளே அவர்களுடைய சிம். அவர்களுடைய செயலியில் மட்டுமே இயங்கும். வேறு யாராவது திறந்தால் உத்தரவாதம் ரத்து. கையால் மோட்டாரை ஓடவிடும் பழைய ஸ்டார்டரைக் கொடுத்தால் புதுப் பெட்டி இலவசம்!

"சும்மா குடுங்க. ஆனா பழச வாங்காம வராதீங்க. அவங்க திரும்பிப் போக வழி இருக்கக் கூடாது. மார்க்கெட் நம்ம கைக்கு வந்துட்டா, அப்புறம் விலைய நாமதானே சொல்லப் போறோம்?" என்றார் மேலாளர்.

அது எனக்கு அநியாயமாகப் படவில்லை. கெட்டிக்காரத்தனமாகப் பட்டது! எத்தனை கேவலம், பாருங்கள்.

ஆனால் காளீஸ்வரியின் பெட்டியை வைத்திருந்தவர்கள் அசையவில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயம் செய்த என் நண்பன் ராசுவும் அப்படித்தான். அவன் மாறினால் அந்தப் பக்கமே மாறும் என்று கணக்குப் போட்டு ஒருநாள் அவன் தோட்டத்துக்குப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரிலிருந்து புகை கிளம்பியது. ராசு மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைத்துவர ஓடினான். புகையைப் பார்த்து அக்கம்பக்கத்து ஆட்களும் கூடிவிட்டார்கள்.

நான் செல்பேசியை எடுத்தேன். புகைகிற மோட்டார். பக்கத்துச் சுவரில் அவள் பெட்டி. 'யாரோ செய்த பெட்டி, எரிந்துபோன மோட்டார். விவசாயிகளே உஷார்!' என்று எழுதி, யாருக்கும் தெரியாத எண்ணிலிருந்து விவசாயிகளின் செல்பேசிக் குழு ஒன்றுக்கு அனுப்பினேன்.

வந்து பார்த்த மெக்கானிக் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். "பழைய மோட்டாரு, உள்ள இருக்குற காயிலு எம்புட்டு நாளைக்குத்தான் தாங்கும்? எப்பவோ போயிருக்க வேண்டியது. பெட்டி என்னப்பா பண்ணும்?"

கேட்ட பிறகாவது அழித்தேனா? இல்லை! இன்னும் பல குழுக்களுக்கு அனுப்பினேன். அங்கேதான் நான் மனிதனாக இல்லாமல் போனேன்.

பெட்டிகள் அவள் கடை வாசலில் வந்து குவிந்தன. "சனங்க உசுரோட வெளாடுறியா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். ஊர் ஊராகப் போய்ப் பெட்டியைத் திறந்துகாட்டிப் பார்த்தாள். யார் பார்த்தார்கள்? வயரிங் படத்தைவிடப் புகைதானே கண்ணில் படும்! கடையை மூடிவிட்டு, செல்பேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரே மாறியபோது, என்னை நம்பி ராசுவும் அவள் பெட்டியையும் ஸ்டார்டரையும் கொடுத்துவிட்டு எங்கள் பெட்டிக்கு மாறினான். நிறுவன மேடையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

சந்தை கைக்கு வந்ததும் இலவசம் போய் மாதக் கட்டணம் வந்தது. பிறகு நிறுவனத்தை வேறு யாரோ வாங்கினார்கள். இந்தப் பெட்டிகளால் லாபமில்லை என்று செயலியை இயக்கும் சர்வரையே நிறுத்திவிட்டார்கள். ஒரு காலையில் எல்லாப் பெட்டிகளும் ஊமையாகிவிட்டன. நெல் பால் பிடிக்கும் பருவம்! மேலாளரின் எண் அணைந்து கிடந்தது.

ராசு அழைத்தான். "மாப்ள, கெணத்துல தண்ணி கெடக்கு. கரண்டும் இருக்கு. பயிரு கண்ணு முன்னால காயுது. எம் மோட்டார ஓட்ட நான் எவன்கிட்டடா அனுமதி கேக்கணும்?"

அதற்குப் பிறகு அவன் பெட்டியை உடைத்து, வயர்களை நேரடியாக இணைக்கப் பார்த்திருக்கிறான். தீப்பொறி வலக்கையைப் பொசுக்கிவிட்டது. இன்றுவரை அந்த விரல்கள் மடங்கவில்லை.

மருத்துவமனையில் அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டுப்போட்ட கையோடு, "பாவம், உன்னையும்ல ஏமாத்திப்புட்டாய்ங்க மாப்ள" என்றான்... ஏமாந்தவனா நான்!

காளீஸ்வரியைத் தேடிப் போனேன். பெட்டிகள் ஊமையான விவரத்தைச் சொன்னதும் ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. "பொருள் மட்டும் வாங்கிட்டு வாங்கண்ணே, நான் மாட்டித் தாரேன்" என்றாள். முதல் பெட்டியை ராசுவின் தோட்டத்தில்தான் மாட்டினாள். தண்ணீர் பாய்ந்தது. பாதிப் பயிர் ஏற்கெனவே பதராகியிருந்தது.

வரப்பில் நடக்கையில் கேட்டாள்: "அந்த வீடியோவ யாரு எடுத்தாகன்னு உங்களுக்கு எதுவும் தெரியுமாண்ணே?"

அதுதான் தருணம். வாயைத் திறந்திருக்கலாம்...

"தெரியலம்மா" என்றேன்.

"விடுங்க. நீங்களாச்சும் என்னைய நம்புனீங்களே" என்றாள்.

தலையாட்டினேன். ஆம்... தலையாட்டினேன்!

அந்த மேலாளரைச் சபிக்கிறேன். ஊர் முழுவதையும் காயவிட்டுப் போன முகம் தெரியாத முதலாளிகளைச் சபிக்கிறேன். சபித்து முடித்த பிறகும் மிச்சம் இருப்பது நான்தான். உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? இதை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தானே! கோழை.

நாளைக் காலை கீழக்குயில்குடியில் பெட்டி மாட்ட வேண்டும். வழக்கம்போல அவள் வண்டி ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். வழியில் ஏதாவது கேட்பதற்காக, திரும்பாமலே, "அண்ணே" என்று கூப்பிடுவாள்.

நான் பதில் சொல்ல வேண்டும்.