வீட்டோடு வந்த மிதி வைத்தியம்

பத்தொன்பது வயதில் என் இடுப்பு போயிற்று. ஜல்லிக்கட்டில் மாடு பிடித்துப் போயிருந்தால் வெளியே சொல்லிக்கொள்ளலாம். பூண்டு மூட்டையில் போனது. ஐம்பதுகளின் தொடக்கம் அது. கொடைக்கானலுக்கு மேற்கே இருக்கிற எங்கள் மலைக் கிராமத்தில், லாரி வந்து நிற்கும் இடம்வரை மூட்டையை முதுகில்தான் சுமக்க வேண்டும். ஏற்றிவிட இரண்டு பேர் நிற்பார்கள். உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த இரண்டு பேரும் எனக்குத் தேவைப்படவில்லை. தனியாளாகத் தூக்கினேன். இடுப்புக்குள் எதுவோ சடக்கென்றது. மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது, நான்தான் உட்கார்ந்துவிட்டேன். பெண்களின் சிரிப்பு வலியைவிட அதிகமாக வலித்தது என்று எழுதத்தான் ஆசை. இல்லை, வலிதான் அதிகம்.

அதற்குப் பிறகு என் இடுப்பு தனிக்குடித்தனம் போய்விட்டது. நல்ல நாளில் சும்மா இருக்கும். தும்மினால் கோபித்துக்கொள்ளும். பனிக்காலத்தில் பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் குனிந்த மேனிக்கே திரிவேன். எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து எதிரில் வருகிறவர்களும் குனிந்து தேடுவார்கள். கொடைக்கானல் ஆஸ்பத்திரி டாக்டர், பலகையில் படு, பாரம் தூக்காதே, மறுபடி வந்து காட்டு என்றார். பலகையில் படுத்தேன். மற்ற இரண்டையும் செய்யவில்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கு வேறு வைத்தியம் உண்டு. பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும். பண்ணைக்காட்டில் அப்படிப் பிறந்த பெண் ஒருத்தி இருந்தாள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போய் அவள் வீட்டு வாசலில் குப்புறப் படுத்தால் மிதித்து அனுப்புவாள். மற்றவர்களைப் போல நானும் பஸ் ஏறிப் போயிருக்கலாம். அம்மா விடவில்லை.

“ஏலே, அங்க போயி வாசல்ல படுத்தீன்னா ஒனக்கு இடுப்பு சரியில்லன்னு ஊருக்கே தெரிஞ்சு போகும். அப்பறம் எவன் பொண்ணு குடுப்பான்? அந்தப் பிள்ளையவே கட்டிக் கூட்டியாந்துட்டா வைத்தியம் வீட்டோட கெடக்கும்ல?”

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான யோசனையை நான் அதுவரை கேட்டதில்லை. பெண் பார்க்கப் போனோம். பாயில் சம்மணம் போட்டு உட்காருவது எளிது. எழுந்திருப்பதுதான் பாடு. பெரியவர்கள் எல்லாரும் எழுந்து வெளியே போகும்வரை அசையாமல் இருந்துவிட்டு, பிறகு சுவரைப் பிடித்து எழுந்தேன். மாப்பிள்ளை ரொம்ப அடக்கமானவர் என்று பெண் வீட்டில் பேர் வாங்கினேன். ஐம்பதுகள் முடியும் சமயத்தில் கல்யாணம் நடந்தது.

முதல் பனியிலேயே இடுப்பு பிடித்தது. எனக்குச் சந்தோஷம். அம்மா பாயை விரித்துப் போட்டு மருமகளைக் கூப்பிட்டார். “தாயி, வெரசா வா. வந்து ஒரு மிதி மிதிச்சு விடு.”

அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “புருசனையா அத்தே?”

அம்மா விரித்த பாயைத் திரும்பச் சுருட்டினார். தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்களுடையது. அத்தனை மாதம் திட்டம் போட்டும் இந்த ஒன்று எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

ஆக, ஊருக்கெல்லாம் வைத்தியம் நடந்தது, எனக்கு மட்டும் கிடையாது. ஒரு முறை வத்தலக்குண்டு லாரி டிரைவர் ஒருவர் வளைந்து வந்து மிதி வாங்கி நிமிர்ந்து நின்றார். “குடுத்து வச்சவரு நீங்க. வீட்டுலயே வைத்தியம் வச்சிருக்கீங்க” என்றார் என்னைப் பார்த்து. சுவரைப் பிடித்தபடி ஆமாம் என்றேன். அந்த ஆள்மேல் எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. அடுத்தவன் பெண்டாட்டி அழகைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் உண்டு. தன் பெண்டாட்டியிடம் மிதி வாங்குகிற அடுத்தவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். வலிக்கிறதா என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன். வீம்பு.

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். அம்மா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போயிருந்தார். பூண்டுப் பாத்தியில் களை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. மனைவி வந்து தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை வலியோடு நிற்கவில்லை, இடது கால் மரத்துப்போனது. கிள்ளிப் பார்த்தேன், வேறு யாருடைய காலையோ கிள்ளியது போல இருந்தது. இனி நடக்கவே முடியாதோ என்று உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

“ஒரு தடவ மிதிச்சு விடு” என்று கெஞ்சினேன். “அம்மாவும் இல்ல. யாருக்குத் தெரியப்போகுது?”

“சாமிக்குத் தெரியுமுங்க. பாவம்.”

“நான் இப்பிடியே கெடந்தா அது பாவமில்லையா?”

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். “குப்புறப் படுங்க. திரும்பிப் பாக்கக் கூடாது.”

படுத்தேன். இடுப்பில் சரியாக வலிக்கிற இடத்தில் தொம் தொம்மென்று விழுந்தது. உயிர் போயிற்று. பாயைக் கடித்துக்கொண்டேன். முடிந்ததும் அவள் என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

“விட்டுருச்சுங்களா?”

பாவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து கேட்கிறவளிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? “விட்டுருச்சு” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். நிரூபிக்க வேண்டுமே. கதவு நிலையைப் பிடித்து எழுந்து, மரத்த காலை இழுத்து இரண்டு எட்டு வைத்து, கண்ணில் நீர் முட்ட நிமிர்ந்து நின்றேன். “ஒன் காலு பட்டதும் பாரு, இத்தன வருசத்து வலியும் ஓடிப்போச்சு!”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

“என் காலு எங்கீங்க பட்டுச்சு? கால் வைக்க மனசு வரல. கையை மடக்கித்தான் குத்துனேன்.”

நிலையை விட்டால் விழுந்துவிடுவேன், அதனால் அப்படியே நின்றேன். அவள் சிரிப்பு மெல்ல நின்றது. “அப்ப வலி அப்பிடியேதான் இருக்கு, இல்லீங்களா?”

“இருக்கு” என்றேன். “ரொம்ப வலிக்குது. காலும் மரத்துக் கெடக்கு. பயமா இருக்கு.”

அவள் எழுந்து வந்து என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். “காலைல வெள்ளனே லாரி வரும். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றாள். என்னைப் பாயில் இறக்கி உட்கார வைத்துவிட்டு, தன் பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எத்தன பேர மிதிச்சிருக்கேன். யாருக்காச்சும் நெசமாவே விட்டுச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. எந்திரிச்சு நின்னு விட்டுருச்சுன்னுதான் சொல்லுவாக. உங்கள மாதிரியே.”