கல்வராயன் மலையில் ஒரு ஜீப்புக்கு இடம் தேடி

சென்ற மாதம் நான் கல்வராயன் மலைக்குப் போனது அருவி பார்க்க அல்ல, ஒரு ஜீப்பை எங்கே நிறுத்தலாம் என்று பார்க்க. கடலில் படகு கவிழ்ந்தால் மீட்புப் படகு எங்கிருந்து கிளம்பினால் சீக்கிரம் சேரும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. கள்ளக்குறிச்சிப் பக்கம் மூன்று ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், தங்கள் வண்டிகளைப் பங்கிட்டு ஓட்ட அதேபோல ஒரு கணக்குக் கேட்டார்கள். போட்டுப் பார்த்ததில் ஒரு ஜீப் மிச்சமானது. அதை மலையில் பிரசவ அவசரத்துக்கு விடலாம் என்று அவர்களே முன்வந்தார்கள். திங்கட்கிழமை முதல் வெள்ளிமலைக் கடைத்தெருவில் நிற்கட்டும் என்றது கணக்கு. சரிபார்க்க வெள்ளிக்கிழமையே கிளம்பினேன்.

காலை 6.10க்குக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை, 35 ரூபாய். அங்கிருந்து அந்த ஜீப்பிலேயே பயணம். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, 8.05க்கு வெள்ளிமலை, மீட்டரில் 41 கிலோமீட்டர்.

"இன்னா மேடம், மலைக்கு வந்து வாட்ச்சயே பாத்துக்கினு வரீங்க?" என்றார் ஓட்டுநர் ஏழுமலை.

சோதித்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது ராணி என்ற கர்ப்பிணியின் ஊர். அங்கிருந்து 11 கிலோமீட்டர், 38 நிமிடம். கணக்கு சொன்னது 40. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ராணிக்கு எட்டு மாதம். முதல் பிரசவத்தைப் பற்றிக் கேட்டேன்.

"வலி வந்ததும் போன் போட்டாங்க. ஆஸ்பத்திரி ஜீப் வருதுன்னாங்க. சும்மா குந்திக்கினு இருக்க முடியுங்களா? தூளி கட்டி என்னத் தூக்கிக்கினு குறுக்குப் பாதையில எறங்கிட்டாங்க. ஜீப்பு ரோட்டால சுத்தி வந்து வூட்டாண்ட நின்னுக்கினு இருந்துச்சாம். நாங்க கீழ நின்னுக்கினு இருந்தோம். புள்ள தங்கல."

எனக்கு வெட்கமாக இருந்தது. கடலில் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே இருக்கமாட்டார், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். என் கடல் கணக்கின் முதல் வரியே அதுதான். மலையில் மட்டும் எல்லோரும் வீட்டு வாசலிலேயே காத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறேன்.

"இந்த வாட்டி கீழ வண்டி இருக்குங்களா?" என்று கேட்டார் ராணி. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஏழுமலையை ரோட்டு வழியே அனுப்பிவிட்டு, குறுக்குப் பாதையில் நானும் இறங்கினேன். மூன்று கிலோமீட்டர், 55 நிமிடம். இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் இறங்க முடிந்தது. தூளியோடு எப்படி இறங்கினார்களோ! பாதை ரோட்டைத் தொடும் வளைவில் அவர் நின்றிருந்தார்.

"பக்கத்து நாலு ஊரு பாதையும் இங்கதான் சேரும் மேடம். மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பனே!"

அங்கே போனும் எடுத்தது. ஆலைக்காரர்களிடம் பேசி, ஜீப் நிற்கும் இடத்தை அந்த வளைவுக்கே மாற்றினேன். பிறகு ராணி வீட்டுக்கும் சொன்னேன்.

போகிறவர்கள் தண்ணீரும் சாப்பாடும் கள்ளக்குறிச்சியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிமலைக்கு அப்பால் என் கண்ணில் கடை படவில்லை. நடக்க நல்ல செருப்பு வேண்டும். வளைவில் ஒரு ஜீப் சும்மா நிற்பது போலத் தெரியும். அருவிக்குப் போய்வர எவ்வளவு என்று ஏழுமலையிடம் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். ராணிக்கு இது ஒன்பதாம் மாதம்.