வெறும் வயிற்றோடு போன காலை

இன்று எங்கள் ஊர் கீரியில் முதியோருக்கு இலவச மருத்துவப் பரிசோதனை. பக்கத்து வீட்டு றீற்றா மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இரத்தத்தில் சீனி பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். மாமி தேவாலயத்தில் காலைப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கி உட்கொண்டிருந்தார். "மிஸ், அது சாப்பாட்டுக் கணக்கில வருமோ?" என்று தாதியிடம் கேட்டார்.

"இல்லையம்மா, விரலைத் தாங்கோ."

பிறகு தாதி மனநலக் கேள்விகள் கேட்டார். "இந்தக் கிழமை ஆரோடையாவது மனம் விட்டுக் கதைச்சனீங்களோ?"

"ஓம், ஒவ்வொரு நாளும் இவளோடதான். வாயே திறக்கமாட்டாள், ஆனா நல்லாக் கேப்பாள்." மாமி என்னைக் காட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் 'இல்லை' என்றிருப்பேன்.

என்னைப் போலப் பதினேழு வயதுக்காரருக்கும் இப்படிப் பரிசோதனை எங்கேயாவது வைத்தால் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு வருகிறேன்.